நான்காம் கார்டில் இடறும் மூன்றாம் துளை

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 36. சிறுவயதில் நான்கு ஆண்டுகள் கர்நாடக வாய்ப்பாட்டு கற்றவர். கடந்த மூன்று ஆண்டுகளாகப் பத்துத் துளை ஹார்மோனிகாவில் ப்ளூஸ் இசை பழகிவருகிறார். நேரில் கற்பிக்க ஆசிரியர் கிடைக்காததால் காணொளிகளைப் பார்த்து லிக் எனப்படும் சிறு இசைத் தொடர்கள் 43 சேகரித்து, துளை எண்களோடு ஒரு நோட்டில் எழுதி, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருக்கிறார். சனிக்கிழமை மாலைகளில் கிட்டார் நண்பர் ஒருவரோடும் பேஸ் நண்பர் ஒருவரோடும் சேர்ந்து, ஜி-யில் 12 பார் ப்ளூஸ் வாசிக்கிறார். பார் என்பது ஒரு தாள அளவு. ஜி, சி, டி ஆகிய கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள்) இந்த 12 பார்களில் மாறிமாறி வரும்; ஜி-யிலிருந்து எண்ணி அவற்றை ஒன்றாம், நான்காம், ஐந்தாம் கார்டுகள் என்பார்கள். ஐந்தாம் பாரில் கார்ட் சி-க்கும் ஒன்பதாம் பாரில் டி-க்கும் மாறும். அவர் கையில் இருப்பது சி ஹார்ப், அதாவது சி சுருதி ஹார்மோனிகா. முதல் நான்கு பார்கள் நன்றாகப் போவதாகவும், ஐந்தாம் பாரிலும் ஒன்பதாம் பாரிலும் ஏதோ ஒட்டாமல் நிற்பதாகவும், இரண்டாவது சுற்றின் நடுவில் மூச்சு அடைத்துக்கொள்வதாகவும் சொல்கிறார். “கார்ட் மாறியதே உனக்குக் கேட்கவில்லையா?” என்று கிட்டார் நண்பர் சென்ற வாரம் கேட்டது அவரை மிகவும் வருத்தியிருக்கிறது. ஏழு வாரத்தில் அலுவலக விழாவில் மூவரும் வாசிக்க வேண்டும். விலகிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறார்.

அவர் கேட்பவை இவை. ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனி லிக்குகளை மனப்பாடம் செய்ய வேண்டுமா? ப்ளூஸ் ஸ்கேல் என்ற சுர வரிசை மூன்று கார்டுகளுக்கும் பொருந்தும் என்று ஒரு காணொளி ஆசிரியர் உறுதியாகச் சொன்னாரே, பிறகு ஏன் தவறாக ஒலிக்கிறது? எல்லா அரைச் சுரங்களும் கிடைக்கும் க்ரோமாடிக் ஹார்மோனிகா வாங்கி, மேற்கத்திய இசைக்குறிப்பு வாசிக்கக் கற்றால் இது தீருமா? பிறர் இசைத்தட்டிலிருந்து எடுத்த லிக்கை மேடையில் வாசிப்பது முறையா?

அன்பு நண்பருக்கு,

விலக வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் பாரில் ஒட்டவில்லை என்று உங்கள் காதே உங்களுக்குச் சொல்கிறது. கார்ட் மாறுவது கேட்காதவருக்கு அந்த உறுத்தல் வராது. ஆகவே நண்பரின் கேள்விக்கு “கேட்கிறது, ஆனால் அந்த நேரத்தில் எங்கே போவது என்று தெரியவில்லை” என்பதே நேர்மையான பதில். எங்கே போவது என்பதைத்தான் இந்தக் கடிதம் முழுக்க எழுதப்போகிறேன்.

நீங்கள் மாதிரிக்கு எழுதி அனுப்பிய 17ஆம் எண் லிக் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. 3-இழுப்பு, 4-இழுப்பு, 5-இழுப்பு, 4-இழுப்பு, பிறகு மீண்டும் 3-இழுப்பில் நீண்ட நிற்றல். (3-இழுப்பு என்றால் மூன்றாம் துளையில் மூச்சை உள்ளிழுப்பது; ஊதல் என்றால் வெளியே விடுவது.) உங்களுக்கு மிகவும் பிடித்தது என்றும், எங்கே வேண்டுமானாலும் இதை வாசித்துவிடுவேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சிக்கலின் பெரும்பகுதி அந்தக் கடைசி 3-இழுப்பில் இருக்கிறது.

நீங்கள் வாசிப்பது ப்ளூஸ் ஸ்கேல் அல்ல

சி ஹார்ப்பில் 1 முதல் 5 வரையுள்ள துளைகளை இழுத்தால் டி, ஜி, பி, டி, எஃப் என்ற சுரங்கள் வரும். இவை நான்கும் சேர்ந்தால் (டி இரண்டு முறை வருகிறது) ஜி செவன்த் கார்ட், அதாவது ஏழாம் சுரமும் சேர்ந்த ஜி கார்ட், முழுமையாகக் கிடைத்துவிடுகிறது. சி ஹார்ப்பை ஜி-யில் வாசிக்கும் க்ராஸ் ஹார்ப் முறை, அதாவது செகண்ட் பொசிஷன், ப்ளூஸில் வேரூன்றியதற்கு இது முக்கியமான காரணம்: ஒன்றாம் கார்ட் முழுவதும் இழுப்பில் காத்திருக்கிறது. நான்காம் கார்டான சி-க்குரிய சி, ஈ, ஜி ஆகியவை ஊதலில் இருக்கின்றன. ஐந்தாம் கார்டான டி-க்கு மட்டும் இப்படி ஆயத்தமான வீடு கிடையாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஜி-யில் ப்ளூஸ் ஸ்கேல் என்பது ஜி, பி ஃபிளாட், சி, டி ஃபிளாட், டி, எஃப். அதில் பி இல்லை. அதற்கு அரைச் சுரம் கீழே உள்ள பி ஃபிளாட்தான் உண்டு. ஹார்ப்பில் அந்த பி ஃபிளாட் தானாக வராது. 3-இழுப்பை அரைச் சுரம் பெண்ட் செய்தால்தான், அதாவது வாயின் உள் வடிவத்தை மாற்றிச் சுரத்தை இறக்கினால்தான், வரும். நீங்கள் 17ஆம் லிக்கில் பெண்ட் செய்யாமல் இழுத்து நிற்கும் 3-இழுப்பு பி ஆகும். காணொளி ஆசிரியர் சொன்னதில் பெரிய பிழை இல்லை. அவர் சொன்ன ஸ்கேலை வாசிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வேறொன்றை வாசித்திருக்கிறீர்கள். துளை எண்ணை மட்டும் எழுதி வைத்துப் பழகும் பலருக்கும் நேர்வது இது. உங்கள் நோட்டில் பெண்டுக்கு அடையாளமே இல்லை என்பதைக் கவனித்தேன். இன்றே ஒரு வண்ணப் பேனா எடுத்து, பெண்ட் வரும் இடங்களை மட்டும் குறித்துவையுங்கள்.

ஒரே 3-இழுப்பு முதல் நான்கு பார்களில் இனிப்பாகவும் ஐந்தாம் பாரில் கசப்பாகவும் இருப்பது ஏன்? ஜி கார்டுக்கு பி மூன்றாம் சுரம். கார்டின் உயிரே அதில் இருக்கிறது. கிட்டார் சி செவன்த்துக்கு மாறியதும் நண்பரின் விரல் பி ஃபிளாட்டை அழுத்துகிறது. நீங்கள் அதற்கு அரைச் சுரம் மேலே பி-யில் நீளமாக நிற்கிறீர்கள். இரண்டும் உரசுகின்றன. 3-இழுப்பை அரைச் சுரம் இறக்கிவிட்டால் நீங்கள் நிற்பது சி செவன்த்தின் ஏழாம் சுரத்திலேயே. துளை மாறவில்லை, மூச்சின் திசையும் மாறவில்லை. வாய்க்குள் நாக்கு பின்வாங்கும் அந்தச் சிறு மாற்றத்தில் முழுக் கார்டும் மாறியதாகக் கேட்கும். ப்ளூஸ் ஹார்ப்பில் இதைவிடச் சிக்கனமான, அழகான நகர்வை நான் அறியேன். இதற்காகவே ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

வாய்ப்பாட்டு கற்ற உங்களுக்கு இதை இன்னொரு விதமாகவும் சொல்லலாம். ஜி-யைச் சட்ஜமாக வைத்தால் பெண்ட் செய்யாத 3-இழுப்பு அந்தர காந்தாரம். அரைச் சுரம் இறக்கினால் சாதாரண காந்தாரம். ராகத்தில் சட்ஜம் அசையாது. கச்சேரி தொடங்கும்போது தம்புராவோடு காந்தாரத்துக்கு என்ன உறவோ அதே உறவுதான் மங்களம் பாடும்போதும். அந்தப் பழக்கத்தில் ஊறிய காது, ஒரு முறை நன்றாக ஒலித்த சுரம் எப்போதும் நன்றாக ஒலிக்கும் என்று எதிர்பார்க்கும். ப்ளூஸில் நிலைமை வேறு: அடியில் இருக்கும் தம்புராவையே சில பார்களுக்கு ஒரு முறை யாரோ வேறு சுரத்துக்கு மாற்றிச் சேர்ப்பதைப் போன்றது அது. மேலே உள்ள சுரம் அதேதான், உறவு மாறிவிடுகிறது. நீங்கள் கற்ற சங்கீதம் இதற்குத் தடையில்லை. அந்தரத்துக்கும் சாதாரணத்துக்கும் நடுவே குரலை நிறுத்தத் தெரிந்தவருக்கு பெண்டின் நுட்பம் மற்றவர்களைவிட விரைவில் பிடிபடும். முதல் நான்கு பார்களில் தேர்ந்த ஹார்ப் கலைஞர்கள் இந்தக் காந்தாரத்தை இரண்டுக்கும் இடைப்பட்ட ஓரிடத்தில்தான் அசைத்து நிறுத்துகிறார்கள். நான்காம் கார்ட் வந்ததும் அதை நன்றாக இறக்கிவிடுகிறார்கள்.

லிக்கை அதன் கடைசிச் சுரத்தால் தேர்ந்தெடுங்கள்

ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனி லிக் வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். 43 லிக்குகள் 130 ஆனாலும் ஐந்தாம் பாருக்கு அரை நொடி முன்னால் “எந்த எண்?” என்று மனம் தேடத்தான் செய்யும், அதற்குள் பார் கடந்துவிடும். உங்களிடம் உள்ள லிக்குகளே போதும். அவை ஒவ்வொன்றும் எந்தச் சுரத்தில் வந்து இறங்குகிறது என்பது தெரிந்தால் பாதிக் குழப்பம் விலகும்.

கல்பனாஸ்வரம் பாடும்போது இடையில் எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றலாம், ஆனால் பாடல் வரி தொடங்கும் இடமான எடுப்புக்கு வந்து சேர வேண்டும் அல்லவா? இங்கும் அப்படித்தான். கார்ட் மாறும் பாரின் முதல் பீட்டில் உங்கள் சுரம் எங்கே நிற்கிறது என்பதுதான் கேட்பவர் மனத்தில் பதிகிறது. அதற்கு முன்பு வேகமாகக் கடந்துபோகும் சுரங்களில் ஒன்றிரண்டு கார்டுக்கு வெளியே இருந்தாலும் யாரும் வருந்துவதில்லை. உங்கள் 17ஆம் லிக்கிலும் 3-இழுப்பைத் தொட்டுவிட்டு நகர்ந்திருந்தால் நண்பர் எதுவும் சொல்லியிருக்க மாட்டார். அதில் போய்த் தங்கியதுதான் வினையாயிற்று.

ஆகவே அதே லிக்கின் வாலை மட்டும் மாற்றுங்கள். நான்காம் பாரின் இறுதியில் 3-இழுப்பு, 4-இழுப்பு, 5-இழுப்பு என்று ஏறி, ஐந்தாம் பாரின் முதல் பீட்டில் 5-ஊதலில் இறங்கிப் பாருங்கள். 5-இழுப்பு எஃப், அது ஜி செவன்த்தின் ஏழாம் சுரம். 5-ஊதல் ஈ, அது சி கார்டின் மூன்றாம் சுரம். ஒரே துளையில் மூச்சைத் திருப்பியவுடன் அரைச் சுரம் இறங்கி நான்காம் கார்டின் நெஞ்சிலேயே வந்து நிற்கிறீர்கள். கிட்டார் சற்று நிறுத்திவிட்டாலும் கார்ட் மாறிவிட்டது என்று உங்கள் ஒற்றைச் சுரம் அறிவிக்கும். மேலே சொன்ன 3-இழுப்பு பெண்டும் இந்த 5-ஊதலும் கைவந்தால் ஐந்தாம் பார் உங்களுக்குப் பிடித்த பாராக மாறிவிடும்.

நண்பர் சொன்னதையும் ஒரு விஷயத்தில் திருத்த வேண்டும். கார்ட் மாறினால் லிக்கும் மாறியே தீர வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒரே சிறு தொடரை மூன்று கார்டுகளின் மீதும் மாற்றாமல் வாசித்து, அடியில் கார்ட் நகரும்போது அதே தொடர் வேறு நிறம் கொள்வதைக் காட்டுவது ப்ளூஸின் பழைய, வலிமையான உத்தி. லிட்டில் வால்டர் 1952 மே மாதத்தில் சிகாகோவில் பதிவு செய்து, அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் எட்டு வாரங்கள் முதலிடத்தில் இருந்த ‘ஜூக்’ என்ற வாத்திய இசையைக் கேளுங்கள். தொடக்கத்தில் ஒரு சிறு தொடரையே அவர் திரும்பத் திரும்ப எப்படி வைக்கிறார் என்று கவனியுங்கள். இப்படிச் செய்ய விரும்பும்போது தொடரில் நீளமாக நிற்கும் சுரம் ஜி-யாகவோ பி ஃபிளாட்டாகவோ இருக்கட்டும். ஜி ஒன்றாம் கார்டுக்கு ஆதாரச் சுரம், நான்காம் கார்டுக்கு ஐந்தாம் சுரம். இரண்டு இடத்திலும் வீடு அதுதான். அதே ஜி 2-இழுப்பிலும் 3-ஊதலிலும் கிடைப்பது இந்த வாத்தியம் தரும் ஒரு கூடுதல் வசதி.

ஒன்பதாம் பார்

இங்கே சிக்கல் வேறு. நீங்கள் ஒன்பதாம் பாரில் வழக்கமாக 2-இழுப்பில், அதாவது ஜி-யில், நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாம் கார்டான டி செவன்த்துக்கு எஃப் ஷார்ப் (எஃப்-க்கு அரைச் சுரம் மேல்) மூன்றாம் சுரம். ஜி அதை அரைச் சுரம் மேலிருந்து மறைத்துக்கொண்டு நிற்கிறது. ஊருக்குப் போய்ச் சேரும் முன்பே வீட்டுக் கதவைத் திறந்துவிட்டதைப் போன்ற உணர்வு அதனால்தான் வருகிறது.

2-இழுப்பை அரைச் சுரம் பெண்ட் செய்து எஃப் ஷார்ப்பில் நிற்கலாம் என்று சிலர் உங்களுக்குச் சொல்வார்கள். சொல்வது சரி. ஆனால் அந்தப் பெண்ட் துல்லியமாக நிற்கவில்லை என்றால் ஜி-யில் நிற்பதைவிடக் கேடாக ஒலிக்கும். ஏழு வாரத்தில் மேடை இருக்கும் உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 4-இழுப்பு டி, அது டி கார்டின் ஆதாரச் சுரமும், ஜி கார்டின் ஐந்தாம் சுரமும் ஆகும். ஒன்பதாம் பாரில் 4-இழுப்பு, பத்தாம் பாரில் கார்ட் சி-க்கு இறங்கும்போது 4-ஊதல், அந்தப் பார் முடியும் தறுவாயில் அரைச் சுரம் இறக்கிய 3-இழுப்பு, பதினோராம் பாரின் முதல் பீட்டில் 2-இழுப்பு. டி, சி, பி ஃபிளாட், ஜி. படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்கி வீட்டு வாசலில் கால் வைப்பது போல இருக்கும். பன்னிரண்டாம் பாரில் 1-இழுப்பில் நின்றால் அது கீழ் டி. அடுத்த சுற்றுக்கான அழைப்பு அதிலேயே இருக்கிறது.

எப்போதாவது ஒன்பதாம் பாரில் 5-இழுப்பைத் தொட நேர்ந்தால் அஞ்ச வேண்டாம். டி செவன்த்தின் மீது எஃப் வைப்பது உரசல்தான், ஆனால் ப்ளூஸ் விரும்பும் உரசல். அதிலேயே தங்காமல் 4-இழுப்புக்கு வந்துவிடுங்கள்.

மூச்சு அடைப்பது பற்றி

இதை நீங்கள் உடல்நலக் குறையாக எண்ணிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதைப் படித்தவரையில் காரணம் எளிமையானதாகத் தெரிகிறது: 12 பார்களிலும் ஏறக்குறைய இழுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். நுரையீரல் நிரம்பிவிட்டால் மேலும் இழுக்க இடம் ஏது? நான்காம் கார்ட் வரும்போது ஊதல் சுரங்களுக்குப் போனால் மூச்சு வெளியேற இரண்டு பார்கள் கிடைக்கும். தொடர்களுக்கு நடுவே இடைவெளி விட்டு மூக்கு வழியாக மூச்சை விடவும் பழகுங்கள். வாசிக்காத நேரத்திலும் மூச்சுத் திணறல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அதைப் பயிற்சியால் சரிசெய்ய முயல வேண்டாம்.

இடைவெளி பற்றி இன்னும் ஒன்று. ப்ளூஸ் பாட்டின் 12 பார்கள் நான்கு நான்காகப் பிரிந்தவை. பெரும்பாலும் முதல் இரண்டு பார்களில் பாடகர் ஒரு வரி பாடுவார், அடுத்த இரண்டில் வாத்தியம் பதில் சொல்லும். அதே வரி மீண்டும், மீண்டும் பதில். மூன்றாவதாக முடிக்கும் வரி, அதற்கும் பதில். தனியாக வாசிக்கும்போதும் இந்த அமைப்பு காதில் இருக்கட்டும். இரண்டு பார்கள் சொல்லுங்கள், அடுத்த இரண்டில் குறைத்துக்கொள்ளுங்கள். 43 லிக்குகளையும் ஒரே மாலையில் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம் அடங்கினால் கார்ட் மாறும் ஓசை தானாகவே தெளிவாகக் கேட்கத் தொடங்கும்.

க்ரோமாடிக், இசைக்குறிப்பு, பிறர் லிக்

க்ரோமாடிக் இப்போது வாங்க வேண்டாம். எல்லாச் சுரங்களும் அதில் கிடைக்கும், உண்மைதான். ஆனால் எந்தச் சுரத்தில் இறங்குவது என்ற கேள்வி அப்படியே இருக்கும், கூடவே புதிய வாத்தியத்தின் அமைப்பையும் கற்க வேண்டும். இசைக்குறிப்பு வாசிப்பது என்றைக்கும் நல்லது. இந்த விழாவுக்கு அது தேவையில்லை. மூன்று கார்டுகளிலும் உள்ள சுரங்கள் எந்தெந்தத் துளையில் இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்வதே போதும். நண்பர்கள் ஏ-யில் வாசிக்கலாம் என்றால் டி ஹார்ப்பையும், ஈ-யில் என்றால் ஏ ஹார்ப்பையும் எடுங்கள். சுரப் பெயர்கள் மாறும். துளைகளும் மூச்சின் திசையும் பெண்டுகளும் மாறாது.

பிறர் லிக்கை வாசிப்பதில் குற்ற உணர்வு வேண்டாம். இது ஒருவரிடமிருந்து ஒருவர் காதால் வாங்கி வளர்த்த இசை. நான் மேலே சொன்ன ‘ஜூக்’ பதிவின் தொடக்கமே, ஸ்னூக்கி ப்ரையர் 1948இல் பதிவு செய்த ஒரு வாத்திய இசையின் தொடக்கத்தை ஒத்திருப்பதைப் பலரும் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். சிறு தொடர்கள் எல்லாருக்கும் பொதுவான சொற்களைப் போன்றவை. ஒரு முழுச் சோலோவைச் சுரம் பிசகாமல் வாசித்துப் பதிவாக வெளியிட எண்ணினால் அது வேறு விஷயம். அப்போது மூலக் கலைஞரின் பெயரைச் சொல்வது மரியாதை, உரிமை பெறுவது பற்றி வழக்கறிஞரிடம் கேட்பது பாதுகாப்பு. அலுவலக விழாவில் நாலைந்து லிக்குகளை வாசிப்பதற்கு இந்தக் கவலை எதுவும் தேவையில்லை.

இந்த ஏழு வாரம்

முதல் வாரம் லிக்கே வாசிக்காதீர்கள். நண்பரிடம் 12 பார்களை மெதுவாகக் கிட்டாரில் வாசிக்கச் சொல்லி அலைபேசியில் பதிவு செய்துகொண்டு, கார்ட் மாறும் பாரின் முதல் பீட்டில் மட்டும் ஒரே ஒரு சுரம் வையுங்கள்: ஒன்றாம் பாரில் 2-இழுப்பு, ஐந்தாம் பாரில் 5-ஊதல், ஏழாம் பாரில் மீண்டும் 2-இழுப்பு, ஒன்பதில் 4-இழுப்பு, பத்தில் 4-ஊதல், பதினொன்றில் 2-இழுப்பு, பன்னிரண்டில் 1-இழுப்பு. மற்ற நேரமெல்லாம் மௌனம். முன்பு என்னிடம் கற்றவர்கள் பலரும் இதைச் சிறுபிள்ளைப் பயிற்சி என்று நினைத்துத்தான் தொடங்கினார்கள். மூன்றாவது நாளே, அடுத்த கார்ட் வருவதற்கு முந்தைய பாரிலேயே அதை மனத்துக்குள் கேட்கத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார்கள். அந்த முன்கூட்டிய கேட்டல்தான் உங்களுக்கு இப்போது வேண்டியது.

இரண்டாம் வாரத்திலிருந்து அந்தச் சுரங்களுக்கு முன்னால் இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்து, பின்னோக்கி லிக்கைக் கட்டுங்கள். உங்கள் நோட்டிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஜி-யில் முடியும் ஒரு வாலும், ஐந்தாம் பாருக்கான ஒரு வாலும், ஒன்பதாம் பாருக்கான ஒரு வாலும் எழுதுங்கள். நான்காம் வாரத்துக்குப் பின் புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம்; சனிக்கிழமைகளில் மூவரும் சேர்ந்து வாசித்துப் பதிவு செய்து, மறுநாள் ஐந்தாம் பாரையும் ஒன்பதாம் பாரையும் மட்டும் கேளுங்கள்.

பெண்ட் செய்யும்போது பலத்தைக் கூட்டாதீர்கள். பெண்ட் வாயின் உள் வடிவத்தால் வருவது. அழுத்தி இழுப்பதால் ரீடுதான் (உள்ளே அதிரும் உலோகத் தகடு) களைத்துப்போகும், பெரும்பாலும் 4-இழுப்பும் 5-இழுப்பும் முதலில் சுருதி இறங்கும். இன்னொரு சி ஹார்ப்பை வாங்கி வைத்து, மேடைக்கு இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். விழாவுக்கு முன்பு நண்பரிடம் இரண்டு கேள்விகள் கேட்டுவிடுங்கள். இரண்டாம் பாரிலேயே நான்காம் கார்டுக்குப் போய்த் திரும்புகிறாரா? அப்படியானால் அங்கேயும் 3-இழுப்பை இறக்க வேண்டும். பாடல் மைனரில், அதாவது ஒன்றாம் கார்டிலேயே பி-க்குப் பதில் பி ஃபிளாட் வரும் வகையில், இருக்கிறதா? இருந்தால் 17ஆம் லிக்கை அன்று முழுவதும் நோட்டிலேயே விட்டுவிடுங்கள். அங்கே பெண்ட் செய்யாத 3-இழுப்புக்கு முதல் பாரில்கூட இடமில்லை.